காணவில்லை என்ற சொல்

மட்டாஞ்சேரி
9 பிப்ரவரி 2025

மதுவந்திக்கு,

உன் போனை இனி நான் எடுக்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பையும் திறக்க மாட்டேன். அங்கே எழுதியதை அழித்துவிட்டு, எழுதவே இல்லை என்று சொல்லிவிடலாம். பதில் சொல்ல நினைத்தால் தாளில் எழுதித் தபாலில் போடு.

ரம்லத் மாமிக்குக் கருப்பைவாயில் புற்றுநோய். மூன்றாம் கட்டம் என்கிறார்கள். இதை யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை மிஸ்டு கால்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து மாமிக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. தீட்டு நின்று வருடக்கணக்கான பெண்ணுக்கு அப்படி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மாமி போகவில்லை. டிசம்பரில் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டு நான் கத்தியபோது அவர் சொன்ன பதில்: "மெஷின்தான் ஒன்னும் காணலன்னு சொல்லிச்சே புள்ள! பின்ன எதுக்கு நான் ஆஸ்பத்திரிக்கு அலையணும்? சூடு கூடிருக்கும்னு நெனச்சு எளநீ குடிச்சேன்."

மெஷின் என்று அவர் சொன்னது நம்முடைய சுண்டுவை.

நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டவள் போல இருப்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு குழல், நுனியில் காமிராவும் விளக்கும். கருப்பைவாயில் வினிகர் தண்ணீரைத் தடவினால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகும். அதைச் சுண்டு பார்த்துச் சொல்லும். சொல்ல அதற்கு மூன்று விஷயங்கள் உண்டு. வெள்ளைத் திட்டு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ. திட்டு இல்லை, நிம்மதியாக இரு. மூன்றாவது, பார்க்க வேண்டிய இடமே தெரியவில்லை. தீட்டு நின்ற பெண்கள் பலருக்கு அந்த இடம் உள்ளே போய்விடுகிறது, எவ்வளவு சின்ன காமிராவாக இருந்தாலும் எட்டாது. அவர்களுக்கு நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேறு சோதனை செய்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றாவதுக்கு, கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்தபோது நான் தமிழில் எழுதிக் கொடுத்தது: "பார்க்க வேண்டிய இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேறு சோதனை கட்டாயம் தேவை." பழைய சுண்டுவில் டேப்லட் இருந்தது, வாக்கியம் முழுதாக வந்தது. பிறகு நீ அதைக் கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி சிறிதாக்கினாய். டேப்லட் போய், கைப்பிடியில் ஒரு பட்டைத் திரை வந்தது. ஒரே வார்த்தையில் வேண்டும் என்று என்னைக் கேட்டாய். ஒரே வார்த்தை கிடையாது, திரையைப் பெரிதாக்கு என்று சொன்னேன். நீ "காணவில்லை" என்று போட்டுக்கொண்டாய்.

2023 அக்டோபரில், மட்டாஞ்சேரி முகாமுக்குப் புதிய சுண்டு வந்த வாரம், நான் பழைய பெட்டியோடு கும்பளங்கி முகாமில் இருந்தேன். மற்றவர்களுக்குப் பயம் போக வேண்டும் என்று மாமிதான் முதலில் போய்ப் படுத்தாராம். "இது என்னாடி, புருவம் வரையுற பென்சிலா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாராம். திரையில் "காணவில்லை" என்று வந்தது. "ஒன்னும் காணலையாம், சமாதானமாப் போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன வேறு பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லியனுப்ப வேண்டும், உங்களைப் பார்க்கவே இல்லை என்று. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு எதையும் உன்னிடம் கேட்கப் போவதில்லை.

ஹிஸானா


பெங்களூர்
20 பிப்ரவரி 2025

ஹிஸா,

உன் கடிதத்தை வீட்டில் வைத்துத்தான் பிரித்தேன். நீ ராஜினாமாக் கடிதத்தில் எழுதியதைப் படித்த பிறகு, இந்த விஷயத்தை உன்னோடு யாரும் பேசக் கூடாது என்று எங்கள் எம்.டி. ஆனந்தகுமார் சொல்லியிருக்கிறார். இதை எழுதுவதே நான் செய்யக் கூடாத வேலை. அதையும் மனதில் வைத்துக்கொள்.

மாமி விஷயம் கேட்டு நான் சாப்பிடவில்லை. இதை நீ நம்ப மாட்டாய்.

ஆனால் நீ எழுதியிருப்பதைப் படித்தால், நான் ஒரு நாள் காலையில் எழுந்து ஏதோ ஆசைக்குத் திரையைச் சின்னதாக்கியது போல இருக்கிறது. பெட்டியும் ஒயருமாகப் போனபோது என்ன நடந்தது? அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும் என்று பெண்கள் கதவைச் சாத்தினார்கள். "கேஸ் ரிப்பேருக்கு வந்த மாதிரி வராதீங்க" என்று சொன்னது யார்? உன் மாமிதான். அதற்காகத்தான் சின்னதாக்கினேன். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சண்டை போட்டேன். அந்தப் பட்டையில் தமிழ் எழுத்து நிற்கிற இடம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். நான் கேட்டேன், நீ முறைத்துக்கொண்டாய். முடியாது என்று சொல்வது சுலபம் ஹிஸா. கருவியை முடித்துக் கொடுக்க வேண்டியவள் நான்.

"காணவில்லை" என்றால் காணவில்லை. எங்கள் வீட்டில் சாவியைக் காணவில்லை என்று சொன்னால், சாவி சௌக்கியமாக இருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை. கூடவே கொடுத்த புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கமும் இருந்தது. படிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னவர்கள் மேல் உனக்குக் கோபம் வரவில்லை, என் மேல் வருகிறது.

ஏப்ரலில் சுண்டுவுக்கு அரசு அனுமதி வர இருக்கிறது. வந்தால் இதுவரை எந்தச் சோதனையுமே செய்துகொள்ளாத பெண்களிடம் சுண்டு போகும். இப்போது போய், நாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஊரெல்லாம் செய்தி அனுப்பினால் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பெண்களுக்கு நீ பதில் சொல்வாயா?

சிகிச்சை எங்கே நடக்கிறது என்று எழுது. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள்.

மது


மட்டாஞ்சேரி
3 மார்ச் 2025

மதுவந்திக்கு,

உனக்குத் தெரிந்த டாக்டர்கள் வேண்டாம்.

சாவி பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன், எரிச்சலில் இல்லை, அதில்தான் எல்லாமே இருக்கிறது என்பதால். சாவி வேண்டும் என்று தேடுகிறவளுக்குக் காணவில்லை என்பது கெட்ட செய்தி. வேண்டவே வேண்டாம் என்று நடுங்கிக்கொண்டு படுத்திருப்பவளுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. அவள் காதில் "காணவில்லை" என்றால் புற்று இல்லை என்றுதான் விழும். நம் ஊரில் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவளிடம் "என்னாச்சு?" என்று கேட்டால் என்ன சொல்கிறாள்? "ஒன்னும் கண்டில்ல" என்கிறாள், சாயா குடிக்கப் போகிறாள். நீ இங்கே பிறந்து வளர்ந்தவள். பெங்களூர்க்காரி இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். மேஜை மேல் வைத்து அந்தச் சொல்லை நீ எழுத்தெண்ணினாய். கால்கள் நடுங்கப் படுத்திருப்பவளின் பக்கத்தில் நின்று ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

புத்தகத்தில் விளக்கம் இருந்ததாம். ஆங்கிலத்தில், இருபதாம் பக்கத்துக்கு மேல்.

கம்பெனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. "உள்ளூர்த் தன்னார்வலரின் வாசிப்புப் பிழை" என்று எழுதி, கீழே ஆனந்தகுமார் கையெழுத்து, அதற்குக் கீழே உன் கையெழுத்து. யார் அந்தத் தன்னார்வலர் என்று கையெழுத்துப் போடும்போது கேட்டாயா? தமிழில் வருவதைப் படித்துச் சொல்ல அன்று யாரும் கிடைக்கவில்லை. நம் வயதுப் பெண்களுக்கெல்லாம் மலையாளம்தான் ஓடும். அதனால் டீச்சரைக் கூப்பிட்டார்கள். ஆமாம், உன் அம்மாவை. மாமிக்கு அந்தச் சொல்லைப் படித்துச் சொன்னது ஸ்வர்ணலதா டீச்சர்.

இதைக் கம்பெனிக்கு எழுதிய புகாரில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று உன் கையெழுத்து வேறு மாதிரி இருந்திருக்குமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆசை இல்லை.

ஹிஸானா


பெங்களூர்
12 மார்ச் 2025

அம்மாவை இதில் இழுக்காதே.

முகாமில் சாயா கொடுக்கப் போனதாகத்தான் என்னிடம் சொன்னாள். நான் போன் செய்தேன். "நீ போட்ட கையெழுத்து சரிதானாக்கும். பிழை நான் பண்ணினதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. அந்தக் கடிதத்தை அவளுக்கு நீ காட்டினாயா? காட்டியிருந்தால் அது உனக்கே அசிங்கம். உனக்கு என் மேல் கோபம் என்றால் என் மேல் காட்டு. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

அந்த வாசகத்தை நான் எழுதவில்லை. வக்கீல் எழுதினார். ஒரு கட்டுத் தாள்களோடு வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

படித்துவிட்டுத்தான் போட்டேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. தன்னார்வலர் என்று படித்தபோது யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன். யாரோ ஒரு பெண் என்றால் பரவாயில்லை என்று எனக்கு ஏன் தோன்றியது என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். உனக்குத் திருப்தியா?

மது


மட்டாஞ்சேரி
24 மார்ச் 2025

மதுவந்திக்கு,

திருப்தி இல்லை. உன் மனசாட்சி எனக்கு எதற்கு? வைத்துக்கொள்.

டீச்சருக்கு நான் எதையும் காட்டவில்லை. மாமிக்கு வந்தது என்ன நோய் என்று கேள்விப்பட்ட அன்றே அவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "நான்தானேடி வாசிச்சேன், ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்" என்றார். மாமி கட்டிலிலிருந்து, "டீச்சரே, உள்ள வந்து உக்காருங்க. நீங்க எழுதுன எழுத்தா அது? எழுதிருந்ததத்தானே படிச்சீங்க!" என்றார். அதற்குப் பிறகு டீச்சர் தினமும் வருகிறார். கம்பெனிக் கடிதம் மேஜையில் கிடந்தது, அவரே எடுத்துப் படித்தார். உன் கையெழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ எங்கெல்லாம் போணுமோ போ, நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

எங்கெல்லாம் என்றால், முகாமுக்கு வந்த தெருக்கள் முழுவதும். உங்களிடம் கேட்டுக் காத்திருப்பதில் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது. தீட்டு நின்ற பெண்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறோம். நான் யாரிடமும் வாய் திறந்து இப்படிப் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கப்பலண்டிமுக்குச் சந்திப்பில் மசாலாக் கடை ஆம்பிளைகள் நின்று கேட்கும்படி, "தீட்டு நின்னாச்சா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு நடக்கிறேன்.

வேலி என்கிற பகுதியில் துணி வெளுக்கிற இடத்துக்குப் போனோம். அங்கே பேச்சி என்று ஒருவர். மாமிக்கு அடுத்ததாகச் சுண்டுவில் பார்த்தவர், அவருக்கும் அதே சொல்தான் வந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை வைக்காமலே பேசினார்.

"அன்னைக்கு நல்லதுன்னீங்க. இன்னைக்கு மோசங்கிறீங்க."

"மோசம்னு சொல்லல பேச்சியக்கா. பார்க்கவே முடியலன்னு சொல்றேன்."

"பாக்கலியா? பின்ன அம்புட்டு நேரம் லைட்டப் போட்டு என்னத்தப் பாத்தீங்க, சினிமாவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவ காலை விரிச்சுப் படுத்தது போதும் தாயி. என் மருமவ போன்ல கம்பெனிக்காரன் அனுப்புனது இன்னும் கெடக்கு. 'உங்கள் பரிசோதனை முடிந்தது, நன்றி'ன்னு. கம்பெனி முடிஞ்சுதுங்குது, நீ முடியலங்குற. நான் யாரை நம்ப? அந்த நம்பர்லருந்தே வரட்டும், வர்றேன்."

பேச்சி மட்டும் இல்லை, பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒருத்தியின் கணவன், நான் கம்பெனியை விட்டுப் போன ஆத்திரத்தில் புரளி கிளப்புகிறேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னான். அந்த வார்த்தை அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

நல்லது என்று சொன்ன அதே எண்ணிலிருந்து, நல்லது இல்லை, பார்க்கவே இல்லை என்று ஒரு செய்தி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மாமிக்குக் கதிர்ச் சிகிச்சை தொடங்கிவிட்டது. நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு என்னைத் திட்டுகிறார். நேற்று நான் அழுதபோது, "அழறதா இருந்தா வெளிய போய் அழு புள்ள, எனக்கு சீரியல் கேக்கல" என்றார்.

ஹிஸானா


பெங்களூர்
6 ஏப்ரல் 2025

ஹிஸா,

புரளி என்ற வார்த்தை இங்கிருந்துதான் வந்தது. முகாம் நடத்திய ஆட்களுக்கு ஆனந்தகுமார் போன் செய்திருக்கிறார். எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

பெண்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் ஒரு வாசகம் தயாரித்துக் கொடுத்தார். "உங்கள் மேலான நலனை முன்னிட்டு இலவச மறுபரிசோதனை முகாம். விருப்பமுள்ளவர்கள் பயன்பெறலாம்." அனுமதி கிடைத்த பிறகு இதை அனுப்பலாமாம். விருப்பமுள்ளவர்கள் என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். யாருக்கு விருப்பம் இருக்கும்? நான் கத்தினேன். இந்த ஆபீஸில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை, எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். "உங்க அம்மா சம்பந்தப்பட்டதால நீங்க உணர்ச்சிவசப்படறீங்க" என்றார். அதுவரை இருந்த கொஞ்ச மரியாதையும் அப்போது போய்விட்டது. அம்மா சம்பந்தப்பட்டதால்தான் எனக்கு உறைத்தது என்பதும் உண்மைதான். அதை நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சுண்டு எடுத்த மாமியின் படத்தைத் திறந்து பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன். மழமழவென்று ஒரு சுவர், நடுவில் ஊசி முனை அளவு வாய். மற்ற எல்லாமே உள்ளே. சுண்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்று. கருவி ஒப்புக்கொண்டதை நான் ஒரு சொல்லில் மறைத்துவிட்டேன். இதே மாதிரிச் சுவர்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் "முடிந்தது, நன்றி" போயிருக்கிறது.

செய்தி அனுப்பும் வழி இன்னும் என் கையில் இருக்கிறது. கேட்டால் விட மாட்டார்கள், கேட்காமல் செய்தால் வேலை போகும், வழக்கும் போடலாம். பயமாக இருக்கிறது. ஆனாலும் வாக்கியத்தை எழுதிக் கொடு. இந்தத் தடவை எவ்வளவு நீளமானாலும் சரி.

மது


மட்டாஞ்சேரி
12 ஏப்ரல் 2025

மதுவந்திக்கு,

டீச்சரும் நானும் உட்கார்ந்து எழுதினோம். மாமியிடம் படித்துக் காட்டினோம், பேச்சியக்காவின் மருமகளிடமும் காட்டினோம். ஒரு எழுத்தையும் மாற்றாதே.

"மட்டாஞ்சேரி முகாமில் உங்களுக்குச் சொன்னது தவறு. பார்க்க வேண்டிய இடம் எங்கள் கருவிக்குத் தெரியவே இல்லை. அதனால் உங்களுக்கு நோய் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு சோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தம் படுகிறது என்றால் நாளைக்கே போங்கள். தவறு கம்பெனியுடையது. படித்துச் சொன்னவருடையது அல்ல."

கடைசி வரி வேண்டாம் என்று டீச்சர் சண்டை போட்டார். நான் விடவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அனுப்பு. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எங்காவது சேர்த்தாயானால், நான் பெங்களூருக்கு வந்து உன் ஆபீஸ் வாசலில் நிற்பேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வேலை போவதற்குப் பயப்படுகிறாய். இங்கே ஒவ்வொருத்தியும் எதற்குப் பயப்படுகிறாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஹிஸானா


பெங்களூர்
29 ஏப்ரல் 2025

ஹிஸா,

நேரம் எடுத்துக்கொண்டேன், தெரியும். இரண்டு முறை திறந்து மூடினேன். போன வாரம் அனுப்பினேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அன்று சாயங்காலமே என்னை எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அனுமதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் உருவாக்கிய கருவி இருக்கும் கட்டடத்துக்குள் இனி நான் நுழைய முடியாது. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

யாராவது வந்தார்களா?

நான் ஊருக்கு வரட்டுமா? மாமியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அம்மா இன்னும் போனை எடுக்கவில்லை. நீ வராதே என்று எழுதினால் வர மாட்டேன். ஆனால் ஏதாவது எழுது.

மது


மட்டாஞ்சேரி
7 மே 2025

மது,

செய்தி வந்த அன்று காலை இங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நல்ல விதமாக நினைத்துக்கொள்ளாதே. வீட்டு வாசலில் கூட்டம். ஒருத்தி எங்கள் பூந்தொட்டியைத் தூக்கி உடைத்தாள். இன்னொருத்தி, ஒன்றரை வருடமாகத் தொழுகையில் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேனே, அதைத் திருப்பித் தா என்றாள். அவர்கள் கையெட்டும் தூரத்தில் கம்பெனி இல்லை, நானும் டீச்சரும்தான் இருந்தோம். டீச்சர் நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொருத்தியிடமும் திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே யார் எந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வருவது என்று முடிவு செய்தார். திட்டிய எல்லாரும் வந்தார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. இந்த "ஒன்றும் இல்லை" வேறு சோதனை செய்து டாக்டர் சொன்னது. சிலருக்கு இருக்கிறது. அதில் இருவருக்கு ஆரம்பம்தான், சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னொருத்தியைப் பற்றி டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

மாமிக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்தது. முடிந்தது என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சாப்பிட்டது நிற்பதில்லை. அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மாமி உன்னைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மன்னித்ததால் கேட்கவில்லையா, மறந்துவிட்டாரா என்று தெரியாது, நானும் கேட்க மாட்டேன். நீ வந்து அழுதால் உன்னைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெம்பு இல்லை. எனக்கு மனம் இல்லை. நீ செய்தி அனுப்பினாய், அது சரி. அதற்காக என் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஒன்றரை வருடம் முன்னால் அனுப்பியிருக்க வேண்டிய வரி அது.

இருந்தாலும் வா. ஆள் போதவில்லை.

பேச்சியக்காவுக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். 15ஆம் தேதி வியாழக்கிழமை காலை, எர்ணாகுளத்தில். மருமகளை உள்ளே விட மாட்டேன் என்கிறார், வெட்கம். என்னை விட மாட்டேன் என்கிறார், கோபம். அன்று டீச்சர் வேறு இருவரோடு போகிறார், நான் மாமியை விட்டு நகர முடியாது. படகுத்துறையில் பேச்சியக்காவுக்காகக் காத்திரு. நீ யார் என்று கேட்பார், உள்ளதைச் சொல். அங்கேயே எல்லார் முன்னாலும் திட்டுவார், நின்று கேள். பிறகு அவரோடு படகில் ஏறு. உள்ளே கையைப் பிடிக்கச் சொன்னால் பிடி. டாக்டர் சொல்வதை முழுதாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, பேச்சியக்காவுக்குப் புரிகிற தமிழில், ஒன்றையும் சுருக்காமல் சொல்.

ஹிஸானா